கடலுக்குத் தெரியாத கோழிக்கூடு

நீர் செய்தது அநியாயமாக்கும். மைக்கு கையில் கிடைத்தால் யாருக்கும் நாக்கு நீளும்தான். அதுக்காக, ஒருத்தி பத்தொன்பது வருசமாய்ப் பேரம் பேசிச் சம்பாதித்த பேரை ஒரே மூச்சில் ஊதி அணைக்கலாமா? முப்பதாம் நாள் பூசையில் நற்கருணை வாங்கின வாயோடு அப்படிச் சொன்னீரே, உமக்கு ஒரு விக்கலாவது வந்ததா?

ஐயோ, உங்களைச் சொல்லவில்லை தம்பி. எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க. எனக்குள்ளே ஒத்திகை பார்த்தேன், சத்தமாய் வந்துவிட்டது. உள்ளுக்குள்ளே பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மீன் ஏலத்தில் விளைந்த தொண்டை.

பெயிண்டு வாங்க வந்தீங்களா? நானும்தான். இல்லை, வாங்க என்று சொல்லக்கூடாது. விசாரிக்க வந்தேன். விசாரிக்கிறதுக்கும் வாங்குகிறதுக்கும் நடுவிலே ஒரு கடல் கிடக்கிறது. அந்தக் கடலில்தான் எனக்குத் தொழில்.

மடியில் என்னவென்றா பார்க்கிறீங்க? கோழிக்கூட்டுக் கதவு. இந்தப் பச்சையைப் பார்த்து இதே பச்சையை மெசினில் கலக்கித் தரணும் என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னான். “இது சாமானில்ல, சாட்சி” என்றேன். “கோர்ட்டுக்கா போறீங்க?” என்றான். “பெயிண்டுக் கடைக்கு” என்றேன். அதுக்கப்புறம் அவன் எனக்க பக்கமே வரவில்லை.

உங்க முறை வர நேரமாகும். எனக்க பேர் பிரகாசி. முழுப்பேர் மரிய பிரகாசி; அதைச் சொல்லிக் கூப்பிடுகிறது சாமியாரும் போலீசும்தான். ஊர் மேற்கே, கடற்கரை. எனக்க மாப்பிள்ளை எனக்கு இருபத்திரண்டு வயதில் கொச்சிப் பக்கம் தொழிலுக்குப் போய் அங்கேயே வேறே அடுப்பு மூட்டினான். நான் கூடையைத் தலையில் தூக்கினேன். கெட்ட மீனை ஐசுக்கு அடியில் ஒளித்து விற்றவன் ஒருத்தன், கூடைக்கு அடியில் கல்லை வைத்து நிறுத்தவன் ஒருத்தன், எல்லாரும் எனக்கு வாத்தியார்மார். ஏமாந்து ஏமாந்து பாஸ் பண்ணினேன். எங்க கரையில் ஏலம் நடக்கும்போது நான் தொண்டையைச் செருமினால் போதும், எதிர்விலை கேட்க வாயைத் திறந்தவன் கொட்டாவி விட்ட மாதிரி மூடிக்கொள்ளுவான். போன மாதம் வரைக்கும் அப்படி.

இப்போது செத்துப்போன ஆளைச் சொல்லணும். மிக்கேலடிமை. எழுபத்து மூன்று வயது, அதில் அறுபது வருசம் தண்ணீர்மேலே. தூக்கத்திலேயே போய்விட்டார், கடலில் சாகாத சாவு அவருக்கே வெட்கமாய் இருந்திருக்கும். எங்க ஊரில் ஒரு கடலாடி செத்தால், அவர் பிடித்த மீன் வளரத் தொடங்கும் தம்பி. மிக்கேலடிமை ஒருகாலத்தில் பிடித்த கலவா மீன் ஒன்று உண்டு. அடக்கத்து அன்றைக்கு அது கை நீளம். ஏழாம் நாள் ஆள் நீளம். முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் அது வள்ளத்தையே இழுத்துக்கொண்டு லட்சத்தீவுப் பக்கம் ஓடியது. ஓராண்டு பூசைக்கு அது பேசும் என்று நினைக்கிறேன்.

அவர் பெரிய கஞ்சர். கோபக்காரர். இரண்டாவது வார்த்தைக்குத் துடுப்பை எடுக்கிற ஆள். ஆனால் ஒரு விசயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்குத் தெரிந்த பார் வேறே எவனுக்கும் தெரியாது. பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டு. கலவாவும் விளமீனும் அங்கேதான் குடித்தனம். அவருக்க பாருக்கு ஊரே வைத்த பேர் ‘அடிமைப்பார்’. அவருக்க வள்ளம் மட்டும்தான் அங்கே தூண்டில் போடும்.

மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தானே, எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேளுங்க. கரையைப் பார்த்துத்தான். கரையில் இரண்டு அடையாளம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய் நேர்கோட்டில் வரணும். பக்கவாட்டில் இன்னும் இரண்டு அதே மாதிரி வரணும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். இதுக்கு எங்க பக்கம் கணியம் என்று பேர். கணியத்தை மகனுக்கே கடைசி மூச்சில்தான் சொல்லுவார்கள். இவருக்கு மகனும் கிடையாது, பெண்டாட்டியும் எப்போதோ போய்ச் சேர்ந்தாள்.

கூட வேலைக்குப் போகிற நாலு பேருக்கும் அவர் சொல்லவில்லை. அதுக்கு அவர் செய்த வேலையைக் கேளுங்க. பார் நெருங்கும்போது நாலு பேரும் கரைக்கு முதுகைக் காட்டி உட்காரணும். உட்கார்ந்து ஜெபமாலை சொல்லணும். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து திரும்பினால் வள்ளம் பார்மேலே நிற்கும். செல்போனையெல்லாம் முதலிலேயே வாங்கிச் சோற்றுப் பானைக்குள்ளே போட்டு மூடி, அதுமேலே உட்கார்ந்துவிடுவார். இடம் காட்டுகிற ஜிபிஎஸ் மெசினை இலவசமாய்க் கொடுத்தார்கள். அதைக் குழம்புச் சட்டிக்கு மூடியாய் வைத்தார். அந்த நாலு பேரைப் போல ஜெபம் சொன்ன ஆட்கள் எங்க மறைமாவட்டத்திலேயே கிடையாது.

இனி எனக்க வீட்டுக்கு வாங்க. இருபது வருசத்துக்கு முன்னே, கரையில் மேடாய் இருக்கிற இடத்தில், கோயிலுக்கு முன்பக்கமாய்க் கட்டினேன். பூச்சுக்குப் பெயிண்டு வேணும். எவனோ ஆர்டர் கொடுத்து, நிறத்தைப் பார்த்துப் பயந்து, வேண்டாமென்று விட்டுப்போன பச்சை ஒன்று கடையில் கிடந்தது. அடிமாட்டு விலைக்குப் பேசினேன். ஊரே சிரித்தது. “பிரகாசி கிளிக்கூட்டுல குடியேறிட்டா” என்றார்கள். ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. மிக்கேலடிமை வந்து, இடுப்பில் கையை வைத்து, வீட்டைப் பார்த்தார். திரும்பிக் கடலைப் பார்த்தார். மறுபடி வீட்டைப் பார்த்தார்.

“நல்ல நிறம். மாத்தாத” என்றார்.

ரசனை தெரிந்த மனுசன் என்று நினைத்தேன்.

மறு வருசம் ஆடிக் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தபோது கடல் பார்த்த சுவர் வெளுத்துப்போச்சு. ஆவணியில் வந்து நிற்கிறார். “பச்சை போயிட்டு. திரும்ப அடி” என்றார்.

“பெயிண்டு வானத்துல இருந்தா விழும்?” என்றேன்.

“நான் வாங்கித் தாறேன்.”

அந்தக் கஞ்சன்! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பேரம் ஏறிவிட்டது. “பிரஷ்ஷு?” என்றேன். சரி என்றார். “அடிக்க ஆளு?” என்றேன். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தார். கடைசியில், “நானே அடிக்கேன்” என்றார். பாத்தீங்களா? பெயிண்டும் அவர், பிரஷ்ஷும் அவர், கூலியும் அவர். நான் வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை. ஊர் வாயைப் பிளந்தது. அன்றைக்குத்தான் தம்பி, ஏலத்தில் எனக்கு மரியாதை பிறந்தது. “மிக்கேலடிமைக்க மடியில இருந்து பெயிண்டு கறந்தவளாக்கும்” என்று சொல்லிச் சொல்லியே என்னோடு விலை கேட்கப் பயந்தார்கள்.

ஆனால் கடல் பார்த்த சுவர் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு வாளியைக் கழுவினார். “மத்த மூணு சுவரு உம்ம மாமனாரா அடிப்பாரு?” என்று கேட்டேன். “எனக்கு இது ஒண்ணு போதும்” என்றார். கஞ்சத்தனம்! விடுவேனா? அடுத்த வருசம் வாதாடித் தெற்குச் சுவரை அடிக்க வைத்தேன். அதுக்கடுத்த வருசம் வடக்கும் கிழக்கும். பிறகு சமையலறைக்கு உள்ளே. பிறகு சன்னல் கம்பி. கடைசி மூன்று வருசமாய் இந்தக் கோழிக்கூடும். நாலு பக்கமும், கூரையும், கதவும், கதவுக்கு உள்பக்கமும். இதோ பாருங்க, உள்பக்கம். கோழி பார்க்கிறதுக்கு!

வேலையும் தெரியாது பாவம். முதல் வருசம் அந்தப் பெரிய சுவரை ஒரே காலையில் முடித்தார். போன வருசம் கோழிக்கூட்டுக்கே இரண்டு நாள். நாலு பலகை தம்பி! “இன்னொரு கோட் அடிக்கணும்” என்று மறுநாளும் வந்து நிற்பார். சாப்பாடு பேரத்தில் கிடையாது. ஆனாலும் வேலை செய்கிறவனைப் பட்டினி போடலாமா? மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொடுப்பேன். வருசம் தவறாமல் “உப்பு குறைவு” என்பார். வருசம் தவறாமல் நான் சண்டை போடுவேன். சாயங்காலம் வரைக்கும் அதிலேயே போகும். உப்புக்கு மட்டும் பத்தொன்பது வருசம் சண்டை நடந்தது, இரண்டு பேரும் இறங்கிவரவில்லை.

வேறே தொந்தரவும் உண்டு. அந்தச் சுவரில் வெள்ளை விரிப்பு காயப் போட்டால் கடலில் இருந்து வந்ததும் சண்டைக்கு வருவார். முருங்கை வளர்ந்து சுவரை மறைத்தால் கேட்காமலே வெட்டுவார். மாடி எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன் ஒரு வருசம். கொத்தனார் வந்து அளக்கிறார், இவர் வந்து செங்கல் குவியல்மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார். “மாடி வந்தா எனக்க கண்ணுக்குக் கோயில் சிலுவை மறையும்” என்றார். எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். பக்திக்கும் விலை உண்டு. “மாடியை விடுதேன். உம்ம வள்ளம் கரை சேர்ந்தா, ஏலத்துக்கு முன்னே முதல் கூடை எனக்கு” என்றேன். தலையை ஆட்டினார். பன்னிரண்டு வருசமாய் முதல் கூடை எனக்கு வந்தது. இதிலே யார் கெட்டிக்காரர், நீங்களே சொல்லுங்க.

சொல்லுங்க. சரி, பிறகு சொல்லுங்க.

அவர் செத்தார். கல்லறையைக் கட்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஏழாம் நாள் சுண்ணாம்பு மிச்சம், ஒரு டிரம் நிறைய. எனக்க சுவர் அந்த ஆடியில் வெளுத்துக் கிடந்தது. இனிப் பச்சை வாங்கித் தர யார் இருக்கிறார்? நானா காசு போடுவேன்? கல்லறைத் தோட்டத்துக்காரனிடம் பேசி, டிரம்மை ஓசியில் உருட்டிக்கொண்டு வந்தேன். வீடு முழுக்க வெள்ளை. உள்ளேயும் வெள்ளை. கோழிக்கூட்டுக்கு வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு. அதனால் அது மட்டும் பச்சையாய் நின்றது. கல்லறையும் வீடும் ஒரே நிறம், அவருக்கு ஒரு மரியாதையாகவும் ஆச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் கிளீட்டஸ் வள்ளத்தை எடுத்தான். மிக்கேலடிமையோடு இருபது வருசம் ஜெபமாலை சொன்ன ஆள் இந்தக் கிளீட்டஸ். அவனும் கூட மூன்று பேரும் போனார்கள். சாயங்காலம் வெறும் வள்ளம் வந்தது. மறுநாளும் வெறும் வள்ளம். மூன்றாம் நாள் முன்பக்கம் பார்த்து ஒரு ஜெபமாலை, பின்பக்கம் பார்த்து ஒரு ஜெபமாலை என்று சொல்லிப் பார்த்தார்களாம். பார் வரவில்லை.

விசயம் என்னவென்றால், கிளீட்டஸ் ஒரு திருடன். இருபது வருசமாய் ஜெபத்துக்கு நடுவிலே ஓரக்கண்ணால் கரையைப் பார்த்திருக்கிறான். மலை உச்சி கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் மறையணும், அது ஒரு கோடு. கோயில் சிலுவை ஒரு பச்சைச் சுவருக்கு நேர்மேலே வந்து, தொப்பி வைத்த மாதிரி உட்காரணும், அது இன்னொரு கோடு. சிலுவை நிற்கிறது. பச்சைச் சுவரைக் காணோம். எங்க ஊரில் முக்கால்வாசி வீடும் வெள்ளைதான். எந்த வெள்ளை எனக்க வெள்ளை என்று நடுக்கடலில் எவனுக்குத் தெரியும்?

ஆமாம் தம்பி. அவருக்க கல்லறைச் சுண்ணாம்பை அடித்து அவருக்க பாரை நான் அழித்துவிட்டேன். தெரிந்தா செய்தேன்?

கிளீட்டஸ் இதை நம்பிப் போய்ச் சொன்னது யாரிடம்? சற்று முன்னே ஒத்திகையில் திட்டினேனே, அந்த மனுசரிடம். பேரைச் சொல்லமாட்டேன், கோயில் கமிட்டியில் பெரிய ஆள், வாய் இருக்கிற பக்கம் மைக்கு தானே வந்து நிற்கும், ஆனால் கரையில் நின்றாலே கடல் தலைச்சுற்று வருகிற ஆள். முப்பதாம் நாள் பூசை முடிந்து, கடற்கரையில் தார்ப்பாய் கட்டி, நினைவுக் கூட்டம். ஆளாளுக்கு மீனை வளர்த்துவிட்டு இறங்கினார்கள். கடைசியில் இவர் ஏறினார்.

“நம்ம பிரகாசி, மிக்கேலடிமையை ஏமாத்தி வருசா வருசம் ஓசிப் பெயிண்டு வாங்குததா நெனைச்சுக்கிட்டிருந்தா. உண்மையில பத்தொம்பது வருசமா அவருதான் அவளை ஏமாத்தியிருக்காரு. அவருக்கு அந்த வீடு ஒரு கடல் அடையாளம். அவ்வளவுதான்!”

ஊர் சிரித்தது. சாமியார் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார்; அவருக்கு இருமல் கிடையாது. கூட்டத்துக்குக் கஞ்சி கிண்டினவன் கரண்டியை விட்டுவிட்டுச் சிரித்தான்.

மறுநாள் ஏலத்துக்குப் போனேன். தொண்டையைச் செருமினேன். “என்ன அக்கா, பெயிண்டு வேணுமா?” என்று ஒருத்தன் கேட்டான். முந்தாநாள் மீன் யாவாரத்துக்கு வந்தவன், மத்தியும் சாளையும் ஒரே மீன் என்று தெரியாமல் வேறே வேறே விலை கேட்கிறவன், எனக்கு எதிர்விலை கேட்டு மீனைத் தூக்கிக்கொண்டு போனான்! பத்தொன்பது வருசத்து மரியாதை ஒரு சிரிப்பில் போச்சு தம்பி. பயம் போனால் எனக்கு என்ன முதல் இருக்கிறது? நான் என்ன கப்பலா வைத்திருக்கிறேன்?

அதோடு விட்டார்களா? வெட்கமில்லாமல் வந்து, “சுவரைத் திரும்பப் பச்சை அடி” என்று கேட்டார்கள். “மைக்குல சொன்னதை மைக்குல மாத்திச் சொல்லட்டும், அடிக்கேன்” என்றேன். பெரிய ஆள் மறுத்துவிட்டார், சொன்னது சொன்னதாம். சரி, நானும் வெள்ளை வெள்ளைதான் என்றேன். எனக்குத் தெரியாமல் பச்சைத் தார்ப்பாயைச் சுவரில் கட்டினார்கள், அறுத்து எறிந்தேன். கிளீட்டஸ் பெண்டாட்டி பச்சைச் சேலை உடுத்து, பச்சைக் குடை பிடித்து, எனக்க வீட்டுக்கு முன்னால் வெயிலில் ஒரு பகல் முழுக்க நின்றாள். கடலில் இருந்து பார்த்தால் அவள் எறும்புகூட இல்லையாம். பாவம், சாயங்காலம் நான்தான் மோர் கொடுத்து அனுப்பினேன்.

நேற்று மத்தியானம் கிளீட்டஸ் தனியாய் வந்தான்.

“அக்கா.”

“பெயிண்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா நாயை அவுத்து விடுவேன்.”

“உங்களுக்கு நாய் இல்லியே அக்கா.”

“வாங்கி அவுத்து விடுவேன்.”

அவன் கொல்லைப் பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். கோழிக்கூட்டைத் தட்டிப் பார்த்தான்.

“இது பச்சையா நிக்கே. இதை ஆரு அடிச்சா?”

“வேற ஆரு? உங்க முதலாளிதான். வாதாடி அடிக்க வச்சேன்.”

“சமையக்கட்டும் அவருதானா?”

“பின்னே?”

“அக்கா, இருபது வருசம் அவருகூடக் கடல்ல கிடந்தேன். எங்ககிட்ட அவரு வாதாடினதே இல்ல. ரெண்டாவது வார்த்தைக்குத் துடுப்புதான். உங்ககிட்ட மட்டும் சாயங்காலம் வரைக்கும் வாதாடிட்டு, சிரிச்சுக்கிட்டே வருவாரு. உப்பு சரியாத்தான் இருந்துதுன்னு எங்ககிட்டச் சொல்லுவாரு.”

“பாத்தியா! சரியாத்தான் இருந்துது!” என்று கத்தினேன். பத்தொன்பது வருசச் சண்டை, ஜெயித்தது நானாக்கும்.

அவன் என்னை ஒரு மாதிரியாய்ப் பார்த்தான். “அக்கா, கோழிக்கூடு கடல்ல இருந்து தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அப்போதுதான் தம்பி, எனக்கு மண்டையில் மின்னல் வெட்டியது. தெரியாதே! தெற்குச் சுவர் தெரியாது. சமையலறை தெரியாது. கோழிக்கூட்டுக் கதவுக்கு உள்பக்கம் கோழிக்கே இருட்டினால் தெரியாது. அடையாளத்துக்கு வேண்டியது ஒரு சுவர். ஒரு சுவர் வேண்டிய ஆளை நாலு சுவரும் கூடும் அடிக்க வைத்தேனே, அது யார் கெட்டித்தனம்? அவர் என்னை ஏமாற்றினது ஒரு சுவரில். நான் அவரை ஏமாற்றினது மீதி வீடு முழுக்க. நான்தானே ஜெயித்தேன்?

ஏன் சிரிக்கிறீங்க? சேச்சே. அந்தப் பேச்சே வேண்டாம். யாவாரம் தம்பி, சுத்த யாவாரம். அவருக்கு என்ன, எனக்கு என்ன. நீங்க பெயிண்டைப் பாருங்க.

என்ன கடைக்காரரே, கலக்கியாச்சா? கொண்டு வாரும், கதவோடு சேர்த்து வையும் பார்ப்போம். ஒரு பொட்டு மஞ்சள் தூக்கல். இல்லை, சரியாய்த்தான் இருக்கு. அந்தப் பச்சையேதான்... கண்ணில் ஒன்றுமில்லை, இந்தக் கடையில் பெயிண்டு நெடி. நாலு டின் எடுத்து வையும். விலையைப் பிறகு பேசுவோம். நீர் சொல்லுகிற விலையை நான் இன்னும் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளும்.

இன்றைக்கே மூன்று சுவரும் சமையலறையும் பச்சை அடிக்கப்போகிறேன். எல்லாம் கடலுக்குத் தெரியாத பக்கம். கடல் பார்த்த சுவர் மட்டும் வெள்ளையாய் நிற்கும், கமிட்டிக்காரர் வந்து மைக்கைப் பிடிக்கிற வரைக்கும். அதுக்கு மூன்று டின் போதுமே, நாலாவது எதுக்கு என்றா? உங்களிடம் கணக்குக் கேட்டேனா? கிளீட்டஸ் வீட்டில் ஒரு மாதமாய் வாங்கின மீன்தான் வேகிறது, கடலாடி வீட்டில் அது எவ்வளவு கேவலம் தெரியுமா? நாலாவது டின் சும்மா இருக்கட்டும். திறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் திறக்கமாட்டேன்.

அதனால் கேளும், கமிட்டிக்காரரே. எங்கே இருந்தாலும் உமக்குக் காது கேட்கும், எனக்க தொண்டை அப்படி. வருகிற ஞாயிறு பூசை முடியும்போது நான் இந்தக் கதவோடு கோயில் வாசலில் நிற்பேன். அதே மைக்கு, அதே ஊர், கஞ்சி கிண்டினவனும் வரணும். கடலுக்கு ஒரு சுவர் தெரிந்தால் போதுமே, மிக்கேலடிமை எதுக்கு நாலு பலகைக்கு இரண்டு நாள் பிரஷ்ஷைப் பிடித்தார் என்று ஊருக்கு நீரே சொல்லும். சொல்லத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றாவது சொல்லும். வாரும், மைக்கைப் பிடியும். கோழிக்கூட்டில் இருந்து ஆரம்பியும்.